கணக்குத் தாளிற் பெயர்கள்

ஓர் அலுவலகத்திலே மாத இறுதியிற் சம்பளப் பட்டியல் ஆயத்தமாகின்றது. நாற்பது பேர் கடமையாற்றும் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னாளில் இலிகிதர் ஒருவர் பேரேட்டை விரித்து வைத்து, நிரை நிரையாகக் கூட்டியும் கழித்தும் இரண்டு நாளிற் செய்து முடித்த வேலையை, இன்று ‘எக்செல்’ என்னும் விரிதாள் மென்பொருள் இமைப்பொழுதிற் செய்து விடுகின்றது. ‘இன்ன நிரையிலுள்ள சம்பளத்தை எடு, அதில் நூற்றுக்கு எட்டு ஊழியர் சேமலாப நிதிக்கெனக் கழி, எஞ்சியதை அடுத்த கலத்தில் எழுது, நாற்பது பேருக்கும் இவ்வாறே செய்’ என்று ஒருமுறை எழுதி வைத்தாற் போதும். அவ்வாறு எழுதி வைக்கும் சிறு செய்நிரலை ‘மக்ரோ’ என்பர். அதனை எழுதுதற்கென எக்செலினுள்ளேயே ஒரு மொழி உண்டு. 1993ஆம் ஆண்டிலே அம்மென்பொருளின் ஐந்தாம் பதிப்புடன் அது வெளிவந்தது. ‘விசுவல் பேசிக் போர் அப்ளிகேஷன்ஸ்’ என்பது அதன் முழுப்பெயர், ‘வி. பி. ஏ.’ என்பது வழக்கிலுள்ள சுருக்கம்.

மேற்கூறிய அலுவலகத்து இலிகிதர் எழுதிய செய்நிரலில் இரண்டு வரிகள் இருந்தன என்று கொள்க. உண்மையில் அவை ஆங்கில எழுத்தில் எழுதப்படுவன. விளக்கத்தின் பொருட்டு ஈண்டுத் தமிழிலே தரப்படுகின்றன.

கழிவு = சம்பளம் * 0.08
தேறியது = சம்பளம் - களிவு

முதல் வரியிற் சிறப்பு ழகரம். இரண்டாம் வரியில் அது ளகரமாகி விட்டது. பள்ளிக்கூடத்துக் கட்டுரைக் கொப்பியில் இப்பிழை வந்திருந்தால் ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்தியிருப்பார். வாசித்தவர்க்கும் பொருள் விளங்கியிருக்கும். கணினியோ கோடிடவுமில்லை, திருத்தவுமில்லை, ஒரு சொல்லேனும் முணுமுணுக்கவுமில்லை. அறுபதினாயிரம் ரூபா சம்பளக்காரருக்கு 4,800 ரூபா கழிந்து 55,200 ரூபா கைக்கு வரவேண்டியிருக்க, பட்டியலில் 60,000 ரூபா என்றே பதிந்தது. நாற்பது பேருக்கும் அதே சம்பளமாயின் ஒரு மாதத்தில் 192,000 ரூபா மிகையாகப் போய்விடும். கணக்காய்வாளர் வந்து கேட்கும் நாளில் அதற்கு விடை கூறவேண்டியவர் அந்த இலிகிதரே.

கணினி ஏன் வாளாவிருந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதனை அறிவதற்கு, இம்மொழி ஒரு பெயரைக் கண்டதும் என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் கணினி சொற்களாகப் பிரித்துப் பார்க்கின்றது. சில சொற்கள் மொழிக்கே உரியவை. ‘இஃப்’, ‘போர்’, ‘டிம்’ முதலியன அத்தகையன. அவற்றை வேறெதற்கும் பெயராக வைத்தல் இயலாது. இலக்கங்களால் ஆனவை எண்கள். மேற்கோட் குறிகளுக்குள் அடைபட்டவை வெறும் எழுத்துத் தொடர்கள்; அவற்றினுள்ளே என்ன இருப்பினும் கணினி அதனைப் பொருள்கொண்டு பார்ப்பதில்லை. இவை போக எஞ்சியன எல்லாம் பெயர்கள். பெயர் ஓர் எழுத்திலே தொடங்கவேண்டும். பின்னர் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் வரலாம். இடைவெளி வருதல் ஆகாது. நீளம் 255 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. இவ்விதிக்கு அமைந்தது எதுவோ அது பெயராகும். ‘கழிவு’ அமைந்தது, ‘களிவு’ என்பதும் அமைந்ததுதானே!

தமிழிலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்துவர். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம். செய்நிரலிலே ‘கழிவு’ என்று ஒருவர் பெயரிடும்போது அவருக்கு அது காரணப் பெயர். கழிக்கப்படும் தொகை ஆதலால் அப்பெயரை இட்டார். கணினிக்கோ எல்லாப் பெயரும் இடுகுறிப் பெயரே. ‘கழிவு’ என்பதற்குப் பதிலாகத் ‘தென்னைமரம்’ என்று எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். பெயரின் பொருளை அறியாத ஒன்றுக்கு, இரண்டு பெயர்கள் ஒலியால் நெருங்கியவை, பெரும்பாலும் ஒருவர் கைப்பிழையால் வந்தவை என்று ஐயுறவும் தெரியாது. ஓரெழுத்து வேறுபட்டாலும் வேறு பெயர். வேறு பெயராயின் வேறு பொருள்.

இம்மொழியிலே பெயர் சுட்டும் பொருளை ‘மாறி’ என்பர்; அதன் மதிப்பு நேரத்துக்கு நேரம் மாறக்கூடியதாதலின் அப்பெயர் பெற்றது. மாறியை நினைவகத்தில் உள்ள ஒரு பெட்டி என்று எண்ணிக் கொள்வது தொடக்கத்திற்குப் போதுமானது. முன்பின் அறியாத ஒரு பெயரைக் கண்டவுடன் வி. பி. ஏ. மொழி தானாகவே அப்பெயரில் ஒரு புதுப்பெட்டியை உண்டாக்கி விடுகின்றது. அந்தப் பெட்டியின் வகை ‘வேரியன்ட்’. அதாவது எண், எழுத்து, திகதி எதையும் ஏற்கவல்ல பொதுப்பெட்டி. அதனுள்ளே தொடக்கத்தில் இருப்பது ‘எம்ட்டி’ எனப்படும் வெறுமை. இந்த வெறுமை விசித்திரமான தன்மை உடையது. கூட்டற் கழித்தல்களில் வந்தால் அது சூனியமாக நடந்துகொள்ளும். எழுத்துத் தொடருடன் இணைக்கப்பட்டால் எழுத்தில்லாத தொடராகிவிடும். ‘நீ சூனியமா?’ என்று செய்நிரல் வினவினால் ஆம் என்னும்; ‘நீ வெற்றுத் தொடரா?’ என்று வினவினாலும் ஆம் என்னும். எவரோடு சேர்ந்தாலும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் மனிதர் போன்றது அது. சம்பளத்திலிருந்து ‘களிவு’ கழிக்கப்பட்டபோது கழிந்தது சூனியமே.

இத்தகைய தாராளம் இம்மொழியை ஆக்கியோரின் கவனக்குறைவால் வந்ததன்று. அதற்கு நெடிய ஒரு வரலாறு உண்டு. 1957ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் என்பாரின் குழுவினர் ‘போர்ட்ரான்’ என்னும் மொழியை வெளியிட்டனர். விஞ்ஞானிகள் சூத்திரங்களை எழுதுவது போலவே செய்நிரலையும் எழுதவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கணிதத்திலே எண்ணிக்கைக்கு ‘ஐ’, ‘ஜே’, ‘என்’ முதலிய எழுத்துக்களை வழங்குவது மரபாதலின், ஆங்கில நெடுங்கணக்கில் ‘ஐ’ முதல் ‘என்’ வரையுள்ள எழுத்துக்களில் ஒன்றிலே தொடங்கும் பெயர் முழுவெண்ணைக் குறிக்கும். ஏனைய எழுத்துக்களிலே தொடங்குவது தசமத்துடன் கூடிய எண்ணைக் குறிக்கும் என்று விதி செய்தனர். பெயரின் முதலெழுத்தே அதன் இனத்தைச் சொல்லிவிடுவதால், ‘இது இன்ன வகை’ என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டிய தேவை அற்றுப் போயிற்று.

அம்மொழியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சொற்களுக்கிடையே விடும் இடைவெளியை அது பொருட்படுத்துவதில்லை. இவ்விரண்டும் சேர்ந்து விளைத்த தீங்கு கணினி உலகில் ஒரு கர்ணபரம்பரைக் கதையாகிவிட்டது. ‘டூ 10 ஐ = 1, 10’ என்று எழுதினால், ஒன்று முதற் பத்து வரை எண்ணிக்கொண்டு ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்பது பொருள். காற்புள்ளி இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்து ‘1.10’ என்றாகிவிட்டால் கணினி அதனை வேறு விதமாக வாசிக்கும். இடைவெளிகள் நீங்க ‘டூ10ஐ’ என்பது ஒரு பெயர் போலத் தோன்றும், அப்பெயரில் ஒரு பெட்டி இல்லையாயின் ஒன்று உண்டாகும், அதனுள்ளே 1.10 என்ற எண் இடப்படும். பத்து முறை நடக்கவேண்டிய வேலை ஒரே முறை நடந்து ஓயும். குறை கூறுவார் எவருமில்லை. 1962இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கி ஏவப்பட்ட ‘மரினர் 1’ விண்கலம் அழிந்தது இப்பிழையினாலேயே என்று பல நூல்களில் எழுதியிருக்கக் காணலாம். அது தவறு. மரினரின் வழிகாட்டற் சமன்பாடுகளைப் பெயர்த்தெழுதியபோது ஓர் எழுத்தின் மேலிடவேண்டிய கோடு விடுபட்டதே அந்த அழிவுக்குச் சொல்லப்படும் காரணம். முற்றுப்புள்ளிப் பிழை அமெரிக்க விண்வெளி நிலையத்தாரின் ‘மேர்க்குரி’ திட்டக் காலத்துச் செய்நிரல் ஒன்றிற் காணப்பட்டு, தீங்கு விளையுமுன்னரே திருத்தப்பட்டது. இரண்டு உண்மைகள் ஒரு பொய்யாக இணைந்து விட்டன.

1964ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள், அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிலே ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் ஆக்கிய ‘பேசிக்’ மொழி முதன்முதலாக இயங்கியது. கணிதமும் விஞ்ஞானமும் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஆதலின் பெயரிடுதலை மிக மிக எளிதாக்கினர். ஓர் ஆங்கில எழுத்து, அன்றேல் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும், அவ்வளவே பெயர். இருபத்தாறு எழுத்துக்கள் தனித்து நிற்க 26. பத்து இலக்கங்களோடு சேர 260. ஆக 286 பெயர்களுக்கு மேல் எண்மாறிகளுக்கு இல்லை. ஒன்றிரண்டு எழுத்துக்களே உள்ள பெயரில் எழுத்துப்பிழை நேர்வதற்கு இடம் குறைவு. பத்து வரிச் செய்நிரலில் நேர்ந்தாலும் உடனே கண்ணிற் படும். ஆகவே அங்கே முன்னறிவித்தல் வேண்டாத சுமையே. பின்னாளிற் பெயர்கள் நீண்டன. செய்நிரல்கள் ஆயிரக்கணக்கான வரிகளாயின. சலுகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மாணவன் நீந்திப் பழகுதற்கு வெட்டிய கேணியை ஆழமாக்கியவர்கள் அதற்குக் கட்டுக்கட்ட மறந்தார்கள் எனலாம்.

முற்றாக மறந்தார்கள் என்பதும் சரியன்று. ஏட்டின் தலைப்பில் ‘ஒப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டால் வி. பி. ஏ. தன் தாராளத்தைக் கைவிடும். அதன்பின் எந்தப் பெயரையும் ‘டிம்’ முதலிய ஏவற்சொல்லால் முன்னதாக அறிவித்தே வழங்கலாம். அறிவியாத பெயர் வந்தால், ‘மாறி வரையறுக்கப்படவில்லை’ என்ற செய்தியைக் காட்டி அந்தப் பெயரை நிறந்தீட்டி நிறுத்திவிடும். ‘கழிவு’ அறிவிக்கப்பட்டிருக்கும், ‘களிவு’ அறிவிக்கப்பட்டிராது, சம்பளப் பட்டியல் ஒரு ரூபாவும் பிசகுமுன்னே பிழை வெளிப்பட்டுவிடும். ‘டிம்’ என்பதற்கு இக்காலத்து மாணவர் பலர் மங்கல் என்று பொருள் கொள்கின்றனர். அது பரிமாணம் என்னும் பொருளுள்ள ‘டைமென்ஷன்’ என்ற சொல்லின் குறுக்கம். ஓர் அணியிலே எத்தனை உறுப்புக்கள் என்று கூறுவதற்கு ஆதியில் வந்தது, பின்னர் எல்லா மாறிக்கும் பொதுவாயிற்று.

இதிலே வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மென்பொருளைப் புதிதாக நிறுவும்போது இந்தக் காவல் இல்லாமலே கிடைக்கின்றது. செய்நிரல் எழுதும் சாளரத்திலே தெரிவுகள் என்னும் பகுதியை நாடி, மாறிகளை அறிவித்தல் கட்டாயம் என்று பொருள்படும் கட்டத்தில் ஒருவர் தாமே அடையாளமிட வேண்டும். அவ்வாறு இட்டாலும் அதற்குப் பின்னர்த் திறக்கும் ஏடுகளுக்கே அது பயன்படும். முன்னரே எழுதிய ஏடுகளின் தலைப்பிலே தம் கையால் எழுதிச் சேர்த்தல் வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அவசியமான ஒன்றை, கற்றுத் தேறியவரே தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் வைத்திருப்பது எவ்வாற்றானும் நியாயமாகத் தோன்றவில்லை.

எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ள அனுபவசாலிகள் கையாளும் சிறு தந்திரம் ஒன்றும் உண்டு. வி. பி. ஏ. மொழி ஆங்கிலப் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை. இரண்டும் ஒரே பெயரே. ஆயினும் அறிவிக்கும்போது எந்த வடிவத்தில் எழுதப்பட்டதோ அந்த வடிவத்துக்கே ஏனைய இடங்களையும் அது தானாக மாற்றிவிடும். ஆகவே, அறிவிக்கும்போது பெயரின் நடுவிலே ஒரு பேரெழுத்தை வைத்துவிட்டுப் பின்னர் எங்கும் சிற்றெழுத்திலேயே எழுதிச் சென்றால், வரியை முடித்தவுடன் அந்த நடுவெழுத்துப் பேரெழுத்தாக எழுந்து நிற்கும். எழாவிடின் எழுத்துப்பிழை உண்டென்று அறியலாம். பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பேதமே இல்லாத தமிழ் எழுத்தாருக்கு இது சற்றுப் புதுமையாகத் தோன்றும்.

அறிவித்தலிலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. ‘டிம் அ, ஆ, இ அஸ் லோங்’ என்று ஒரே வரியில் மூன்று பெயர்களை அறிவித்தால், மூன்றும் ‘லோங்’ என்னும் முழுவெண் வகையாகும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் ஈற்றிலுள்ள ‘இ’ ஒன்றே அவ்வகை. முன்னுள்ள இரண்டும் பொதுப்பெட்டிகளாகவே நிற்கும். தமிழிலே ‘கபிலரும் பரணரும் நக்கீரரும் வந்தனர்’ என்றால் வினை மூவர்க்கும் சேரும்; இம்மொழியின் இலக்கணத்திலே வகையானது அருகிலுள்ளதற்கு மட்டுமே சேரும்.

வகை என்பது வெறும் அலங்காரமன்று. ‘இன்டிஜர்’ என்னும் முழுவெண் வகை −32,768 முதல் 32,767 வரையுள்ள எண்களையே கொள்ளும். பதினாறு துவித இலக்கங்களில் அடங்குவது அவ்வளவே. எக்செல் தாளிலோ 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக 1,048,576 நிரைகள் உள்ளன. நிரைகளை எண்ணும் மாறியை இன்டிஜர் என்று அறிவித்து விட்டால், 32,767 வரை ஒழுங்காக ஓடி அடுத்த நிரையிலே ‘வழிந்தோடியது’ என்று கூறிச் செய்நிரல் நின்றுபோகும். இதிலும் வியப்பானது, 200 * 200 என்ற சிறு பெருக்கலும் இம்மொழியில் நின்றுபோகும் என்பது. இரண்டு எண்களும் இன்டிஜர் வகைக்குள் அடங்குவதால் விடையும் அவ்வகைக்குள் அடங்கவேண்டும் என்று மொழி எதிர்பார்க்கின்றது; 40,000 அடங்காது. விடையை வாங்கக் காத்திருக்கும் பெட்டி எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. பெருக்கல் நடக்கும் இடத்திலேயே தடைப்பட்டு விடும். ஆயினும் இப்பிழை கூச்சலிடும் பிழை. கூச்சலிடும் பிழையினால் நேரம் வீணாகுமேயன்றிப் பணம் வீணாகாது. பணத்தைக் கணக்கிடுவதற்கென்றே ‘கரன்சி’ என்னும் வகை ஒன்று உண்டு. அது நான்கு தசம தானங்களை நிலையாக வைத்துக் காப்பது. சதங்களோடு புழங்கும் சம்பளப் பட்டியலுக்கு அதுவே ஏற்றது.

இனி, ஒரு பெயர் எங்கெங்கே செல்லுபடியாகும் என்பது. ஒரு வீட்டினுள்ளே நின்று ‘தம்பி’ என்று அழைத்தால் அந்த வீட்டுத் தம்பி வருவான். சந்தியிலே நின்று அழைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. செய்நிரலின் ஒவ்வொரு நடைமுறையும் ஒரு வீடு போன்றது. அதனுள்ளே அறிவித்த பெயர் அதற்குள்ளேயே வழங்கும். நடைமுறை முடிந்ததும் பெட்டி அழிந்துபோகும். அழியாமல் அடுத்த முறைக்கும் மதிப்பை வைத்திருக்க வேண்டுமாயின் ‘ஸ்டற்றிக்’ என்று அறிவிக்கவேண்டும். ஏட்டின் தலைப்பில் அறிவித்தது அந்த ஏட்டிலுள்ள எல்லா நடைமுறைகளுக்கும் பொது. ‘பப்ளிக்’ என்று அறிவித்தது முழுச் செய்நிரலுக்கும் பொது. ஒரு பெயரைக் கண்டதும் கணினி முதலில் வீட்டுக்குள்ளே தேடும். அங்கே இல்லையாயின் ஏட்டிலே. பின்னர்ச் செய்நிரல் முழுவதிலும். அதன்பின்னரே மொழியும் மென்பொருளும் தந்த பெயர்க் களஞ்சியங்களிலே. எங்கே முதலிற் கண்டதோ அதனையே கொள்ளும், அப்பால் தேடாது.

இதனால் நேரும் சங்கடம் ஒன்றைக் குறிப்பிடலாம். ‘லெவ்ட்’ என்பது எழுத்துத் தொடரின் இடப்பக்கத்திலிருந்து சில எழுத்துக்களைப் பெயர்த்தெடுக்க மொழி தந்த கருவி. ஒருவர் எஞ்சிய விடுமுறை நாட்களைக் குறிக்க அதே பெயரில் ஒரு மாறியை அறிவித்தால் மொழி தடுப்பதில்லை. ஆனால் அந்த நடைமுறைக்குள்ளே அக்கருவி மறைந்துபோகும். அதனை அழைத்தால் முன்னர் நன்றாக இயங்கிய வரி திடீரெனப் பிழையாகும். வீட்டுத் தம்பி இருக்க வெளித்தம்பியை அழைப்பது அரிது.

ஒரு நடைமுறை இன்னொன்றை ஏவும்போது மாறியை அதன் கையிலே கொடுக்கும் முறையும் கவனித்தற்குரியது. இம்மொழியில் வேறு சொல்லாவிடின் மதிப்பின் பிரதி கொடுக்கப்படுவதில்லை; பெட்டியே கொடுக்கப்படுகின்றது. சம்பளத்தை வாங்கிக்கொண்ட நடைமுறை, தன் வசதிக்காக அதனை நூறு ரூபாக்களுக்குக் கிட்டிய எண்ணாக மாற்றிவிட்டால், கொடுத்தவரின் சம்பளமும் மாறிவிடும். பிரதி மட்டும் போதுமாயின் ‘பைவல்’ என்று எழுதவேண்டும். இரவல் கொடுத்த புத்தகத்திலே குறிப்பெழுதித் திருப்பித் தருவோர் எங்கும் உளர்.

கலங்களைச் சுட்டும் பெயர்களில் வேறொரு நுட்பம் இருக்கின்றது. ஒரு கலத்தை மாறியிலே இடும்போது ‘செட்’ என்ற சொல்லை முன்வைத்தால், மாறி அந்தக் கலத்தையே சுட்டி நிற்கும். கலத்திலுள்ள எண் பின்னர் மாறினால் மாறியின் வழியாகப் புதிய எண்ணையே காணலாம். மாறி பொதுப்பெட்டியாக இருக்கும்போது ‘செட்’ விடுபட்டால், அக்கணத்திற் கலத்திலிருந்த மதிப்பு மட்டும் பெயர்த்தெழுதப்படும். இரண்டு வரிகளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் பிழையின்றி ஓடும்.

பெயரானது செய்நிரலிலே மட்டுமன்றித் தாளிலும் உண்டு. ஒரு கலத்துக்கு வரிவீதம், கழிவுவீதம் என்றாற் போலப் பெயரிட்டு வைக்கலாம். கலத்தின் முகவரியைப் போலத் தோன்றும் பெயர் மட்டும் கூடாது. பழைய பதிப்புக்களிலே தாளில் 256 நிரல்களே இருந்தன. ஆகையால் முகவரியில் இரண்டு எழுத்துக்களுக்கு மேல் வராது. வரி என்னும் பொருளுள்ள மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லையும் ஆண்டையும் சேர்த்து, ‘டக்ஸ்2005’ என்றாற் போலப் பலர் பெயரிட்டிருந்தனர். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலே நிரல்கள் 16,384 ஆயின. முகவரி மூன்றெழுத்துக்களாக நீண்டது. அந்தோ, ‘டக்ஸ்’ என்பது ஒரு நிரலின் முகவரியாகிவிட்டது! நேற்றுவரை பெயராக இருந்தது இன்று தாளின் தொலைவிலுள்ள ஒரு கலம். பழைய கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றும்போது மென்பொருள் அத்தகைய பெயர்களின் முன்னே ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துத் தாளிலுள்ள சூத்திரங்களையும் அதற்கேற்பத் திருத்திக் கொள்ளும். செய்நிரலிலே மேற்கோட் குறிக்குள் இருக்கும் பெயரோ அதற்கு வெறும் எழுத்துத் தொடர், அது திருத்தப்படாது. செய்நிரல் ஓடும்போது அத்தொடர் ஒரு கலத்தின் முகவரியாகவே வாசிக்கப்படும். தொலைவிலுள்ள அந்தக் கலத்திலே என்ன இருக்கும்? பெரும்பாலும் வெறுமை. வெறுமை வரிவீதமானால் வரி சூனியம். ‘களிவு’ செய்த அதே வேலையை, எழுத்துப்பிழை யாதுமின்றியே இதுவும் செய்து முடிக்கும். ‘ஒப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ என்னும் காவலும் இங்கே உதவாது.

மென்பொருளின் வாசிப்புக்கு ஏற்பப் பெயரையே மாற்றிக்கொண்ட விந்தையும் நிகழ்ந்துள்ளது. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்றாற் போல அமைந்திருந்தன. அவற்றைத் தாளில் எழுதியதும் எக்செல் அவற்றைச் செப்டம்பர் மாதம் இரண்டாந் திகதி, மார்ச் மாதம் முதலாந் திகதி என்று கொண்டு மாற்றிவிடும். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செற் கோப்பாக இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலே இத்தகைய பிழைகளைக் கண்டது. 2020ஆம் ஆண்டில் மரபணுப் பெயரிடும் சர்வதேசக் குழுவினர் அப்பெயர்களைச் ‘செப்டின்2’, ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றியமைத்தனர். இத்தகைய தன்னியக்க மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலிலே 2023இலேதான் வந்தது. விஞ்ஞானிகள் முந்திக்கொண்டு இணங்கிவிட்டனர்.

தமிழிலே பெயரிட முடியுமா என்ற வினா நேயர்களுக்கு எழக்கூடும். வி. பி. ஏ. செய்நிரலில் முடியாது. எக்செல் தாளிலே தமிழ் எழுத்துக்கள் யாதொரு தடையுமின்றி அமைகின்றன. செய்நிரல் எழுதும் சாளரமோ ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டுக்கு முந்திய பழைய குறியீட்டுப் பக்கங்களையே நம்பியிருக்கின்றது. அந்தப் பழைய பக்கங்களிலே தமிழுக்கு இடம் வகுக்கப்படவில்லை. ஆதலால் தமிழ்ச் சொல்லை அங்கே கொண்டுசென்று ஒட்டினால் எழுத்துக்கள் யாவும் வினாக்குறிகளாகிவிடும். 2008இல் வெளிவந்த ‘பைதன்’ மொழியின் மூன்றாம் பதிப்பிலே தமிழ்ப் பெயர்கள் செல்லும். மதிப்பிடப்படாத பெயரை வாசிக்க முயன்றால் அம்மொழி பிழையென்று நின்றும் விடும். ஆயினும் சமக்குறிக்கு இடப்பக்கத்திலே நேர்ந்த எழுத்துப்பிழையை அதுவும் புதுப்பெயர் என்றே ஏற்றுக்கொள்ளும்.

தமிழ் அலுவலகங்களில் இதனால் எழும் நடைமுறைச் சிக்கல் பணித்தாளின் பெயர் பற்றியது. தாளின் அடியிலுள்ள பட்டியிலே ‘சம்பளம்’ என்று தமிழிற் பெயரிடலாம். செய்நிரல் அந்தத் தாளைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டுமாயின், எழுத்துக்களின் ஒருங்குறி எண்களைக் கொண்டு பெயரைக் கோத்தெடுக்க வேண்டும். ககரத்துக்கு எண் 2965. கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தோன்றும் ‘சம்பளம்’, புள்ளிகளும் தனித்தனி எண்பெறுவதால் ஏழு எண்களாகும். அதைவிட எளியது வேறொரு வழி. ஒவ்வொரு தாளுக்கும் பட்டியிலே தோன்றும் பெயரோடு, செய்நிரலுக்கென ஓர் உட்பெயரும் உண்டு. அதனைச் செய்நிரற் சாளரத்தின் பண்புகள் பகுதியிலே ஆங்கில எழுத்தில் ஒருமுறை இட்டு வைத்தால், அடுத்த ஆண்டு வேறொருவர் பட்டியிலுள்ள பெயரைச் ‘சம்பளப் பட்டியல்’ என்று மாற்றினாலும், ‘வேதனம்’ என்று மாற்றினாலும், செய்நிரல் உட்பெயரைக் கொண்டே அத்தாளை அடையும்.